மூச்சை அடக்காதே, மகளே

திரேஸ்புரம், தூத்துக்குடி
ஞாயிறு சாயங்காலம்

அன்பு மகளே,

நேற்று ராத்திரி நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. நீ அழுதால் எனக்கு வார்த்தை வராது, உனக்கே தெரியும். இடது காது மந்தம் என்பதால் நீ வேறு சத்தமாகப் பேச வேண்டியிருக்கிறது. பக்கத்தில் அம்மா நிற்கிறாள். சொல்ல வந்ததைச் சொல்லாமல், "சரி, சாப்பிட்டுத் தூங்கு" என்று முடித்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன். மக்ரூன் பார்சலுக்குள் இந்தக் கடிதத்தையும் வைத்து அனுப்புகிறேன். மக்ரூன் உடையாமல் வந்து சேர்ந்தால் சந்தோஷம்.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துக்கொள். ஸ்கூபா இன்ஸ்ட்ரக்டர் பரீட்சைக்கு முன்னால் உங்களுக்கு ஒத்திகை வைத்திருக்கிறார்கள். உன்னோடு படிக்கிற இரண்டு பேர், புதிதாகக் கற்க வந்தவர்கள் மாதிரி தண்ணீருக்குள் உன் முன்னால் முட்டி போட்டு இருந்தார்கள். சிலிண்டர் காற்றை வாய்க்குத் தருகிற ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுத்து விட்டுவிட்டு, கையை வீசி அதைத் திரும்பப் பிடித்து வாயில் வைப்பது எப்படி என்று நீ செய்து காட்டினாய். அவர்களும் ஒருவர் பின் ஒருவராகச் செய்தார்கள். அதில் ஒரு பையனிடம் உங்கள் கோர்ஸ் டைரக்டர் முன்னாலேயே ரகசியமாகச் சொல்லி வைத்திருக்கிறார்: ரெகுலேட்டர் வாயில் இல்லாத நேரத்தில் குமிழி விடாதே, மூச்சை அடக்கிக்கொள் என்று. அவன் அப்படியே செய்தான். நீ அதைப் பிடிக்கவில்லை. விரலை வட்டமாக்கி ஓகே காட்டிவிட்டு அடுத்தவனிடம் போய்விட்டாய். ஐந்துக்குப் போடுகிற மார்க்கில் அடிமட்டத்துக்கு வந்துவிட்டாய். "சங்கு குளிக்கிறவர் வீட்டில் பிறந்து எனக்கு இதுகூடத் தெரியலையேப்பா, நான் இந்த வேலைக்கு லாயக்கில்லை" என்று அழுதாய்.

சங்கு குளிக்கிறவன் வீட்டில் பிறந்ததால்தான் மகளே உனக்கு அது கண்ணில் படவில்லை. நேற்று சொல்ல வந்தது இதுதான்.

நம் வாசலில் இருந்த சிமெண்டுத் தொட்டி ஞாபகம் இருக்கிறதா? உனக்கு ஆறு ஏழு வயது. தாத்தா உன்னை அந்தத் தொட்டியில் முகத்தை அமுக்கச் சொல்லிவிட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணுவார். நாற்பதைத் தாண்டினால் ஒரு கடலை மிட்டாய். அறுபதைத் தொட்ட அன்றைக்கு உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தார். குமிழி ஒன்று வந்தாலும் போச்சு, எண்ணிக்கை முதலிலிருந்து. "மூச்ச விடாத பிள்ள, அடக்கு" என்பதுதான் அவர் உனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். குமிழி வராத முகம் என்றால் நல்ல குளியாளின் முகம் என்று உன் கண்ணுக்கு அன்றைக்கே பதிந்துவிட்டது. அந்தப் பையன் குமிழி விடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது, உன் கண்ணுக்கு அவன் சரியாகச் செய்கிற மாதிரிதான் தெரிந்திருக்கும்.

தாத்தாவுக்கு அது சரி. அவர் 1961இல் நடந்த கடைசி முத்துச் சலாபத்தில், அதாவது முத்துக் குளிப்பில், குளித்தவர். தோலாயிரம் பார் என்று கரையிலிருந்து வெகு தூரத்தில், கடலடியில் முத்துச் சிப்பி விளைகிற ஒரு திட்டு. அங்கே தோணியை நிறுத்தி, கயிறு கட்டிய கல்லில் ஒரு காலை வைத்து, மேலே ஒருத்தன் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, ஒரே மூச்சில் அடிக்குப் போய்விடுவார். கை நிறையச் சிப்பியைப் பொறுக்கி வலைப்பையில் போட்டுக்கொண்டு, கயிற்றை ஒரு சுண்டு சுண்டினால் மேலே இழுப்பார்கள். அவர் கொண்டுபோன மூச்சு மேலே, வெயிலில் வாங்கிய மூச்சு. கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நீயே எனக்கு இதைப் படம் போட்டுக் காட்டினாய். ஐந்தரைப் பாகம், உங்கள் கணக்கில் 10 மீட்டர், கீழே போனால் அந்த மூச்சு நசுங்கிப் பாதியாகிவிடும். மேலே வந்தால் பழையபடி விரிந்து அதே ஒரு மூச்சாகிவிடும். அவர் அடக்கினாலும் விட்டாலும் நெஞ்சுக்கு அதனால் கெடுதல் இல்லை.

நீ வாங்குவது கீழே வாங்குகிற மூச்சு. அதே 10 மீட்டரில் சிலிண்டர் உனக்குத் தருவது ஏற்கெனவே நசுங்கி இரண்டு மடங்கு அடைபட்ட காற்று. அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நெஞ்சுக்கூட்டுக்குள் ஒரு மூச்சு இரண்டு மூச்சாகும். போக வழி இல்லாவிட்டால் நுரையீரல் கிழியும். ஆள் உயரத் தண்ணீரிலேயே அது நடக்கும் என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை, அப்புறம் படத்தைப் பார்த்துத்தான் நம்பினேன். அதனால்தான் உங்கள் புத்தகத்தில் முதல் விதியே மூச்சை அடக்காதே என்று இருக்கிறது. ரெகுலேட்டர் வாயில் இல்லாவிட்டால் கடுகளவு குமிழியாவது வந்துகொண்டே இருக்க வேண்டும் என்கிறார்கள்.

ஒரே கடல், ஒரே வீடு, தாத்தாவின் முதல் பாடமும் உன் முதல் பாடமும் நேர் எதிர். இதை மாற்றிப் பழகக் கொஞ்ச நாள் ஆகும். வருகிற மூன்று வாரமும் தண்ணீரில் இறங்கும்போதெல்லாம், யார் எதிரில் இருந்தாலும், முதலில் குமிழியைப் பார். அப்புறம் கண். கை என்ன செய்கிறது என்பது கடைசி. நீ நேற்று கையைத்தான் பார்த்திருப்பாய், ஏனென்றால் கை செய்வதற்குத்தானே மார்க் என்று நினைத்திருப்பாய்.

குமிழியைப் பற்றி நான் பேசுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை உனக்கு நான் சொன்னதில்லை. உன் அம்மாவுக்கும் பாதிதான் தெரியும்.

2001 மார்ச். உனக்கு ஐந்து வயது. அப்போதெல்லாம் மூச்சடக்கிக் குளிப்பது குறைந்து, நாங்கள் கம்ப்ரசருக்கு மாறிவிட்டிருந்தோம். வள்ளத்து இன்ஜினிலேயே கம்ப்ரசரை ஓட்டி, அதிலிருந்து நீளமாக ஒரு பிளாஸ்டிக் டியூப். கீழே போகிறவன் அதன் முனையைப் பல்லில் கடித்துக்கொள்வான். காலில் துடுப்புக்குப் பதிலாக அலுமினியத் தகடு. மேலே ஒருத்தன் டியூபைக் கையில் பிடித்தபடி குமிழியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வளவுதான் எங்களிடம் இருந்த பாதுகாப்பு. குமிழி வருகிறதா, ஆள் நன்றாக இருக்கிறான். குமிழி நின்றால் இழு.

அன்றைக்குக் கீழே போனது உன் சித்தப்பா. டியூப் பிடித்தது நான்.

கொண்டல் காற்று ஓய்ந்து தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்திருந்த நாள். பத்துப் பாகத் தண்ணீர். சங்கு மண்ணில் ஊர்ந்துபோன தடத்தைப் பார்த்து அதன் பின்னாலேயே போய் எடுப்பதில் உன் சித்தப்பாவை மிஞ்ச ஆள் கிடையாது. அவன் ஒரு இடத்தில் கூட்டமாகச் சங்கைப் பார்த்துவிட்டான். காலை ஏழு மணிக்கு இறங்கியவன், பையைக் கொட்டிவிட்டு ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்க இரண்டு தடவை மேலே வந்தான். அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் கீழேதான். நான் குமிழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சீராக, அழகாக வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பதினொன்றரை மணிக்கு நான் டியூபை மூன்று தடவை இழுத்தேன். சீக்கிரம் மேலே வா என்று அர்த்தம். ஆபத்து ஒன்றும் இல்லை. சங்கு வாங்குகிற வியாபாரி மதியத்துக்குமேல் இருக்க மாட்டார், அவர் கிளம்புவதற்குள் கரைக்குப் போக வேண்டும், அதற்காக இழுத்தேன். அவன் தக்கை மாதிரி விர்ரென்று மேலே வந்தான்.

வள்ளத்தில் ஏறும்போது சிரித்துக்கொண்டுதான் ஏறினான். கொஞ்ச நேரத்தில் தோள்பட்டை வலிக்கிறது என்றான். தைலம் தேய்த்துவிட்டேன். கரை தெரிகிற நேரத்தில், "அண்ணே, கால் ரெண்டும் மரத்துப் போச்சு" என்றான். கரைக்கு வந்தபோது அவனை நாங்கள் நான்கு பேர் தூக்கித்தான் இறக்கினோம். கொண்டுபோன ஆஸ்பத்திரியில் வாதம் என்று சொல்லி ஊசி போட்டுப் படுக்கவைத்தார்கள். கடலுக்குள் என்ன செய்துகொண்டிருந்தான், எத்தனை பாகம், எவ்வளவு நேரம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தெரியாது. அதற்கென்று அழுத்த அறை ஒன்று உண்டு, அதில் வைத்தால் பிழைக்க வழி உண்டு, போகிற வரைக்கும் சுத்தமான ஆக்சிஜன் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சித்தப்பா இப்போது கம்பு ஊன்றி நடப்பதை நீ சின்ன வயதிலிருந்து பார்க்கிறாய். கடலில் அடிபட்டது என்று மட்டும் சொல்லி வளர்த்தோம். மேலே இழுத்தவன் நான் என்று உனக்குச் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவன் அதை வாயெடுத்துச் சொன்னதில்லை. அடுத்த வருஷமே நான் குளிப்பதை விட்டுவிட்டு வலைக்குப் போனேன், காது போனதால் விட்டேன் என்று ஊரில் சொன்னேன். காது அதற்குப் பத்து வருஷம் முன்னாலேயே போய்விட்டது.

கிறிஸ்துமஸ் அன்றைக்கு, எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்கிற அட்டவணையை எடுத்து நீ சித்தப்பாவுக்குக் காட்டினாயே, அன்றைக்கு அவன் முகத்தை நீ கவனித்தாயோ என்னவோ, நான் கவனித்தேன். 18 மீட்டருக்கு நேரே விரலை வைத்து, அன்றைய முதல் முழுக்கு என்றால் 56 நிமிடம்தான் இருக்கலாம் என்றாய். பத்துப் பாகம் ஏறத்தாழ அதே 18 மீட்டர். அவன் நாலரை மணி நேரம் இருந்தான். காற்றில் இருக்கிற நைட்ரஜன் அவ்வளவும் உடம்பில் கரைந்து போயிருக்கும், மெதுவாக வந்தால் மூச்சில் வெளியே போய்விடும், வேகமாக வந்தால் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி ரத்தத்துக்குள்ளேயே பொங்கும் என்று நீ சொன்னாய். நாங்கள் எல்லோரும் இன்றைக்கும் ஆக்சிஜன் சிலிண்டர், ஆக்சிஜன் டியூப் என்றுதான் சொல்கிறோம். அதில் போவது நாம் மூச்சுவிடுகிற இதே காற்று, அதில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன் என்று அந்த மேஜையில் உட்கார்ந்துதான் நாங்கள் தெரிந்துகொண்டோம்.

அப்போது சித்தப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டான். "இத எப்ப கண்டுபிடிச்சாங்க?"

1908 என்று நீ சொன்னாய். ஸ்காட்லாந்துக்காரர் ஹால்டேன் என்ற ஒரு விஞ்ஞானி, ஆடுகளை அழுத்த அறையில் வைத்துப் பார்த்து, எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தால் எங்கெங்கே நின்று நின்று மேலே வர வேண்டும் என்று கணக்குப் போட்டு அச்சிலேயே வெளியிட்டுவிட்டார் என்றாய். அவன் கம்பை எடுத்துக்கொண்டு எழுந்து வாசலுக்குப் போய்விட்டான். கேக் கொடுக்க நீ பின்னாலேயே போனாய். நான் உள்ளேயே உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். 1908. தாத்தா பிறப்பதற்கு முப்பது வருஷத்துக்குமேல் முன்னால். உன் சித்தப்பா அடிபடுவதற்குத் தொண்ணூற்று மூன்று வருஷம் முன்னால். அந்தக் காகிதம் உலகத்தில் எங்கோ இருந்திருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்குமேல் முத்துக்கும் சங்குக்கும் பேர்போன இந்தக் கரைக்கு அதைக் கொண்டுவந்து, நம் பாஷையில், பாகக் கணக்கில், உட்கார்ந்து சொல்லித்தர ஒரு ஆள் வரவில்லை. எனக்கு ஆட்டின் மேலோ அந்த விஞ்ஞானியின் மேலோ கோபம் இல்லை. ஆனால் அந்த ஆள் வரவில்லையே என்கிற ஆத்திரம் இன்றைக்கும் இருக்கிறது.

நீ அந்த ஆளாக ஆகப்போகிறாய். இன்ஸ்ட்ரக்டர் என்றால் என்ன வேலை என்று அம்மா சொந்தக்காரர்களுக்குச் சொல்லும்போது, "டூரிஸ்டுகளைக் கடலுக்குள்ள கூட்டிட்டுப் போறா" என்று சொல்கிறாள். நான் திருத்துவதில்லை, ஆனால் எனக்குத் தெரியும் அது வேறு வேலை என்று. நன்றாக முங்குகிறவர்கள் இந்தத் தெருவில் வீட்டுக்கு ஒருத்தர் இருக்கிறார்கள். சொல்லித்தரத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. தாத்தா எனக்கு நீச்சலைச் சொல்லித்தந்தது வள்ளத்திலிருந்து தள்ளிவிட்டுத்தான். காது வலித்தபோது என்ன செய்ய வேண்டும் என்று கேட்டதற்கு, பழகிவிடும் என்றார். வலி வருவதற்கு முன்னாலேயே மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதைச் சரிசெய்துகொண்டே இறங்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் இடது காது இன்றைக்குக் கேட்டிருக்கும். அவர்மேல் குறை இல்லை. அவருக்கும் யாரும் சொல்லவில்லை. அவர் காதும் அப்படித்தான் போனது.

இன்னொரு விஷயம். உன் கை வேகமாக ஓடுகிறது என்று அவர்கள் சொல்வதாகச் சொன்னாயே. மாஸ்கில் தண்ணீர் புகுந்தால் நீ ஒரே ஊதலில் வெளியேற்றிவிடுகிறாய், பார்க்கிறவனுக்கு என்ன நடந்தது என்றே தெரியவில்லை, அதனால் மார்க் குறைகிறது என்று. பரீட்சைக்குச் செய்து காட்ட வேண்டிய அந்த இருபத்து நாலு பாடத்தையும் கண்ணாடி முன்னால் நின்று செய்து பார். மீனை வெட்டுவதை அம்மா உனக்குச் சொல்லித்தந்தபோது எப்படிச் செய்தாள்? தனக்காக வெட்டும்போது அவள் கத்தி கண்ணுக்குத் தெரியாது. உனக்குக் காட்டும்போது செதிள், செவுள், வயிறு என்று ஒவ்வொன்றாக நிறுத்தி, உன் கண் கத்தியைத் தொடர்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வெட்டு. தண்ணீருக்குள் பேச்சு கிடையாது, உன் கைதான் பேச்சு. முதலில் மாஸ்கின் மேல்விளிம்பில் விரலை வை, நிறுத்து. தலையைத் தூக்கு, நிறுத்து. மூக்கு வழியாக ஊது. பார்க்கிறவன் பயந்துபோயிருப்பான், பயந்த ஆளுக்குக் கண் மெதுவாகத்தான் வேலை செய்யும்.

எழுத்துப் பரீட்சையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஐந்து பாடத்திலும் 75 சதவீதம் வாங்க வேண்டும் என்றாய், நீ அதைத் தூக்கத்தில்கூட எழுதிவிடுவாய். 100 முழுக்கு லாக் புக்கில் இருக்க வேண்டும் என்பதும் உனக்கு எப்போதோ தாண்டிவிட்டது. பரீட்சை வைக்க வெளியிலிருந்து ஒருவர் வருவார், சொல்லித்தந்தவரே மார்க் போட முடியாது என்பது நல்ல ஏற்பாடு. அந்த மீட்புப் பாடத்தைத்தான் நன்றாகப் பழகிக்கொள். நினைவில்லாத ஆளை மேலே மிதக்கவைத்து, ஐந்து விநாடிக்கு ஒரு மூச்சு ஊதிக்கொண்டே, இடையில் அவனுடைய சிலிண்டர், ஜாக்கெட் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டே, கரைக்கு இழுத்துப் போவது. எண்ணிக்கை தவறக் கூடாது என்றாய். நீ எண்ணும்போது வாய்க்குள் செபமாலை சொல்கிற வேகத்தில் எண்ணு. உனக்கு அது கைவந்த வேகம்.

பாஸ் பண்ணிய பிறகு நடக்கப்போவதைப் பற்றித்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். அந்தமானில் உன் ஹேவ்லாக் தீவில் காலை போட்டில் வந்து இறங்குகிற ஜனங்களைப் பற்றி நீ சொல்லியிருக்கிறாய். புதுக் கல்யாண ஜோடி, கையில் மருதாணிகூட மங்கியிருக்காது. நீச்சல் தெரியாது. போட்டோ வேண்டும். ஒரு ஆளுக்கு ஒரு இன்ஸ்ட்ரக்டர், சிலிண்டரைப் பின்னால் பிடித்துக்கொண்டு 12 மீட்டருக்குள் காட்டிக் கொண்டுவர வேண்டும். அவர்களுக்கு முன்னால் ஒரு காகிதத்தை நீட்டுவீர்கள், ஆஸ்துமா உண்டா, நெஞ்சில் ஆபரேஷன் உண்டா என்று. எல்லாவற்றுக்கும் இல்லை என்று எழுதுவார்கள், பணம் கட்டிவிட்டோமே என்பதற்காக. மறுநாள் விடியற்காலையில் விமானம் இருக்கும், அதை மறைப்பார்கள். ஒரு தடவை முங்கினால் 12 மணி நேரம், அதற்குமேல் முங்கினால் 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது என்று நீதானே சொன்னாய்.

அந்தக் காகிதத்தை வாங்கி மடித்து வைத்துவிடாதே. பக்கத்தில் உட்கார்ந்து கேள். "இன்ஹேலர் எப்பவாவது வச்சிருந்தீங்களா? நாளைக்கு எத்தன மணிக்கு ஃபிளைட்?" இப்படி வாய்விட்டுக் கேட்டால் பத்தில் ஒருவராவது உண்மையைச் சொல்வார்கள். முடியாது என்று சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிடு. முதலாளி முகம் சுளிக்கலாம். நான் அன்றைக்கு வியாபாரியின் முகத்தை நினைத்துத்தான் டியூபை இழுத்தேன். அந்த வியாபாரி அன்றைக்கு எங்களுக்காகக் காத்திருக்கவும் இல்லை, நாங்கள் கரைக்கு வந்தபோது அவர் போயிருந்தார்.

பணத்தைப் பற்றி நீ பேசாதே. அம்மாவின் சங்கிலி அடகில் இருக்கிறது, மீட்டுவிடலாம். ஒரு தடவையில் தேறாவிட்டால் இன்னொரு தடவை எழுது. அதற்கும் வழி பண்ணுகிறேன்.

உன் வீட்டுக்கார அம்மா எப்படி இருக்கிறார்? அவர் கையில் போட்டிருக்கிற வெள்ளைச் சங்கு வளையலைப் போட்டோவில் பார்த்ததும் சித்தப்பா, "இது நம்ம கடல் சங்காத்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான். இருக்கலாம். தூத்துக்குடியில் எடுக்கிற சங்கு பரம்பரை பரம்பரையாக வங்காளத்துக்குத்தான் போகிறது, அங்கே அறுத்து வளையலாக்கிக் கல்யாணப் பெண்ணுக்குப் போடுவார்கள். அந்த அம்மாவின் வீட்டார் நாட்டைவிட்டு வந்து அந்தத் தீவில் குடியேறியவர்கள் என்றாயே, வளையலும் அவர்களோடு வந்திருக்கும். நம் ஆள் ஒருத்தன் மூச்சடக்கி எடுத்த சங்காக இருந்தால், உனக்குச் சோறு போடுகிற கையில் அது இருப்பது எனக்கு நிறைவாக இருக்கிறது. அவருக்கும் கொஞ்சம் மக்ரூன் கொடு.

கடைசியாக ஒரு காரியம் கேட்கிறேன். பரீட்சை முடிந்து சான்றிதழ் கைக்கு வந்ததும், ஒரு வாரம் லீவு போட்டு வா. திரேஸ்புரத்தில் இன்றைக்கும் கம்ப்ரசரில் போகிற பையன்கள் இருக்கிறார்கள். பத்துப் பேரையாவது நான் கூட்டி வைக்கிறேன். வர மாட்டோம் என்பார்கள், நான் வீடு வீடாகப் போய்க் கூப்பிடுகிறேன். அவர்களைப் பிழைப்பை விடச் சொல்லாதே, விட மாட்டார்கள். அந்த அட்டவணையைப் பாகக் கணக்கில் மாற்றித் தமிழில் எழுதிக் கொண்டுவா. மெதுவாக மேலே வருவது எப்படி, கால் மரத்தால் முதலில் என்ன செய்ய வேண்டும், ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும், இந்த மூன்று மட்டும் போதும். லாமினேட் பண்ணி ஒவ்வொரு வள்ளத்திலும் ஒன்று கட்டிவிடலாம். ஒரு பையன் பேரைச் சொல்ல மாட்டேன், போன மாசம் அவனுக்குத் தோள் வலித்தது, தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாளும் போனான். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது சித்தப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். யாருக்கு எழுதுகிறேன் என்று கேட்டான், சொன்னேன். என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டான், 2001 பற்றி எழுதியிருக்கிறேன் என்று அதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பிள்ளைகிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றான். நீங்கள் மேலே வருவதற்கு முன்னால் ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் சும்மா நிற்க வேண்டும் என்று சொன்னாயாம். அந்த மூன்று நிமிடமும் கையையும் காலையும் வைத்துக்கொண்டு தண்ணீருக்குள் என்னதான் செய்வீர்கள், எதைப் பார்ப்பீர்கள் என்று கேட்கிறான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது அவனிடம் கொடுக்கிறேன். நீயே சொல்.

அன்புடன்,
அப்பா